வீட்டுக்குள்ளே ஒரு போட்டோ



பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் எதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். ஏரியில் நிற்கும் பூநாரை, கரையில் கட்டிய படகு, டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு, சாயங்காலம் ஏரியில் இறங்கும் சூரியன். நாமும் அப்படித்தான். கல்யாணம், காது குத்து, பெருநாள், மாதா தேர் என்றால் செல்போன் வெளியே வரும். அதே செல்போனில் நம் வீட்டு உள்பக்கம் எத்தனை படத்தில் இருக்கிறது? தேடிப் பாருங்கள். பிள்ளை சிரிக்கிற படத்துக்குப் பின்னால் ஒரு மூலைச் சுவரும் பாதி பீரோவும் தெரியும். அவ்வளவுதான்.

இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. வீடு, வேலைக் கொட்டகை, குழுக் கட்டடம், பழைய கோவில் மண்டபம் இவற்றின் உள்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி, எடுத்த படத்தை எதுவரை திருத்தலாம் என்று பார்ப்போம்.

"நமக்கு எதுக்கும்மா இது? சினிமாவா எடுக்கப் போறோம்?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு வருவாய்த் துறையினர் வருகிறார்கள். முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் நாம் சொல்வது என்ன? "இங்கதாங்க கிரைண்டர் இருந்துச்சு. இந்தச் சுவரு நல்லா இருந்துச்சுங்க. வலையெல்லாம் இந்த மூலையிலதான் வெச்சிருந்தோம்." இருந்துச்சு என்று வாயால் சொல்லத்தான் முடிகிறது. எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றும் கையில் இல்லை. படம் இருந்தால் பணம் கட்டாயம் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனுவோடு இணைக்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காட்ட, மேல்முறையீடு செய்ய, புயலுக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று இரண்டும் இருந்தால் நம் பேச்சுக்குப் பலம் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பழவேற்காட்டுத் தெருக்களில் முற்றம் வைத்த பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. மரத்தூண், கட்டை அடுக்கிய தளம், சுண்ணாம்புப் பூச்சு. வீட்டுக்காரர்களுக்குப் பராமரிக்க முடியவில்லை, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுகிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது, ஒழுகுகிற வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் இடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி உள்ளே பத்துப் படம் எடுத்து வைக்கலாம் அல்லவா? டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டி முடித்த ஜெல்டிரியா கோட்டை இங்கேதான் இருந்தது. இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் பழைய வரைபடங்கள் உண்டு. உள்ளே ஆட்கள் புழங்கிய அறைகள் எப்படி இருந்தன என்று காட்டும் போட்டோ கிடையாது. கோட்டை பாழாகும் வரை போட்டோ என்ற ஒன்றே உலகத்துக்கு வரவில்லை. அது வந்தது 1839-ல். அவர்களுக்கு வழி இல்லாமல் போனது. நம் இடுப்பில் செல்போனே இருக்கிறது.

ஒரு படம் என்ன செய்யும்?

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோவில். பூஜை நின்று, ஆள் நடமாட்டம் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த நடராசர் சிலை 2006-ஆம் ஆண்டு வாக்கில் திருட்டுப் போனது. போனது ஊருக்கே உடனே தெரியவில்லை. அந்தச் சிலை கடல் கடந்து போய், 2008-ல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய கலைக்கூடத்தில் விலைக்கு வாங்கி வைக்கப்பட்டது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்.

அது நம் ஊர்ச் சிலை என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கோவில்களுக்குள்ளே இருக்கும் சிலைகளை, தூண்களை, மண்டபங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதில் 1994-ல் ஸ்ரீபுரந்தான் கோவிலில் எடுத்த நடராசர் படமும் இருந்தது. அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியாவில் இருந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது சிலை திரும்பி வந்தது.

அந்தப் படத்தை எடுத்தவர், இது ஒருநாள் சாட்சி சொல்லப் போகிறது என்று நினைத்தா எடுத்திருப்பார்? பதிவுக்காக எடுத்தார். மங்கல் இல்லாமல், நேராக, உள்ளது உள்ளபடி எடுத்தார். யாராவது அழகுக்காகச் சிலையில் இருந்த தேய்மானத்தை மறைத்திருந்தால், அந்தப் படம் காலண்டருக்குத்தான் ஆகியிருக்கும், சாட்சிக்கு ஆகியிருக்காது.

எடுப்பதற்கு முன்னால்

முதல் வேலை, செல்போனின் லென்சைத் துடைப்பது. சிரிக்காதீர்கள். நம் ஊரில் எடுக்கும் படங்கள் பாதி மங்கலாக வருவதற்குக் காரணம் போன் இல்லை. உப்புக் காற்றும், மீன் அரிந்த கையும்தான். லென்சில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெளிச்சம் வரும் இடமெல்லாம் பனி மூட்டம் போலப் படரும். பழைய பருத்திப் புடவைத் துணியை வாயால் லேசாக ஊதி ஈரமாக்கி மெதுவாகத் துடையுங்கள். மணல் ஒட்டிய முந்தானையால் துடைத்தால் கீறல் விழும்.

அடுத்தது வெளிச்சம். இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் கண் கெட்டிக்காரக் கண். வெளியே வெள்ளை மணலில் வெயில் அடித்தாலும், உள்ளே கூரை இருட்டில் உறியில் தொங்கும் சட்டி இருந்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். செல்போனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாசலைப் பார்த்து எடுத்தால் வாசல் தெரியும், வீடு கறுப்பாகிவிடும். வீட்டைப் பார்த்து எடுத்தால் வாசல் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துவிடும். நம் குப்பங்களில் இந்தத் தொல்லை கூடுதல். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், ஒரு பக்கம் கடல் மணல், இரண்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். உள்ளே தாழ்வான கூரை, ஒரே ஒரு ஜன்னல்.

இதற்கு வழி என்ன? முதல் வழி செலவில்லாதது. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று உள்ளே பார்த்து எடுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீட்டுக்குள் போகும். உங்கள் நிழல் படத்தில் விழாமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். வாசல் இருக்கும் சுவரையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதைக் கடைசியாக, கதவைச் சாத்தி எடுக்கலாம்.

இரண்டாவது, நேரம் பார்ப்பது. கிழக்கே கடலைப் பார்த்த வாசல் என்றால் காலையில் வெயில் நேராக உள்ளே விழும். தரையில் ஒரு பட்டை பளபளவென்று இருக்கும், மற்றதெல்லாம் இருட்டு. அந்த வீட்டை மதியத்துக்கு மேல் எடுங்கள். மேற்கே ஏரியைப் பார்த்த வாசல் என்றால் காலை நேரம் நல்லது. சூரியன் வாசலுக்கு எதிரே இல்லாத நேரத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வரும். அந்த வெளிச்சம் மூலை வரை போகும். மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாள் இன்னும் நல்லது. மேகம் வெள்ளை வேட்டி கட்டியது போல வெயிலை வடிகட்டிக் கொடுக்கும். கடலுக்குப் போக முடியாத நாள் போட்டோவுக்கு நல்ல நாள்.

மூன்றாவது, நம் வீட்டிலேயே இருக்கிற ஒரு பொருள். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியின் மூடி. கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், படத்தில் விழாத மாதிரி, ஒருவர் அந்த மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வெளிச்சம் வெள்ளை மூடியில் பட்டு இருண்ட பக்கத்துக்குத் திரும்பும். ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைக் குடை, வெள்ளைத் துணி என்று காசு போட்டு வாங்கிச் செய்கிற வேலை இதுதான். கண்ணாடி பிடிக்காதீர்கள். கண்ணாடி வெளிச்சத்தைப் பரப்பாது, ஒரே இடத்தில் குத்தும்.

ஃபிளாஷ் போடலாமா? வேண்டாம். செல்போன் ஃபிளாஷ் சில அடி தூரம்தான் போகும். முன்னால் இருக்கும் ஸ்டீல் குடம் பளிச்சென்று வெடிக்கும், பின்சுவர் முன்னைவிடக் கறுப்பாகும். சுவரின் விரிசல், பூச்சு உதிர்ந்த இடம், மரத்தின் செதுக்கு வேலை எல்லாம் ஃபிளாஷில் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் வந்தால்தான் மேடு பள்ளம் தெரியும்.

டியூப் லைட்? ஒன்று பகல் வெளிச்சம், இல்லை என்றால் லைட். இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ஒரு சுவர் மஞ்சளாகவும் ஒரு சுவர் நீலமாகவும் வரும். நம் வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கிற பச்சை, நீல பெயிண்டும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், அரிசிப் பானைகூடப் பச்சையாகத் தெரியும். பனை ஓலைப் பெட்டி முடைகிற சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். சாயம் போட்ட ஓலையின் சிவப்பு ஒரு நிறமாகப் படத்தில் போய், பொருள் வேறு நிறமாகப் போனால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். வேலைக் கொட்டகையைப் படம் எடுக்கும்போது ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அந்தத் தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமும் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்பதும் பிடிப்பதும்

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. ஒரு மூலையில் வலை, ஒரு மூலையில் அடுப்பு, சுவர் ஓரம் பீரோ, டிவி.

அறையின் நடுவில் நிற்காதீர்கள். நடுவில் நின்றால் ஒரு சுவர்தான் தெரியும். ஒரு மூலையில் முதுகை ஒட்டி நின்று எதிர் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர், தரை, கூரை எல்லாம் ஒரே படத்தில் வரும். நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம் எடுத்தால் அறையில் விட்டுப்போன இடம் இருக்காது.

போனை எந்த உயரத்தில் பிடிப்பது? நெஞ்சு உயரம், சுமார் நான்கு அடி. தலைக்கு மேல் தூக்கினால் தரைதான் அதிகம் தெரியும். முக்கியமாக, போனை மேலேயோ கீழேயோ சாய்க்காதீர்கள். கூட்டமாகப் பழகும்போது அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"அக்கா, சுவரு சாயுது பாருங்க. வீடு விழப்போற மாதிரி இருக்கு."

"சுவரு சாயல தங்கச்சி, உன் கைதான் சாயுது."

கூரையும் தெரிய வேண்டும் என்று போனை அண்ணாந்து பிடித்தால், இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். தூணும் அப்படியே. போன் தூணைப் போல நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கூரை வரவில்லை என்றால் பின்னால் போங்கள். பின்னால் போக இடமில்லை என்றால் போனை நெடுக்காகத் திருப்பி இரண்டு படமாக எடுங்கள். கேமரா செட்டிங்கில் கிரிட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் திரையில் கட்டம் கட்டமாகக் கோடு வரும். கதவு நிலையை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தால் சாயவே சாயாது.

புது போன்களில் 0.5 என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டால் சின்ன அறைகூட மண்டபம் மாதிரி அகலமாகத் தெரியும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஓரத்தில் இருக்கும் பீரோ இழுத்த ரப்பர் மாதிரி நீளும். பத்தடி அறை இருபதடி போலக் காட்டும். தங்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் அதில் எடுத்துப் போட்டால், வந்து பார்த்தவர் முகம் சுளிப்பார். சாதாரண 1 என்ற அளவிலேயே எடுங்கள். அதில் அடங்கவே அடங்காத குறுகிய இடத்துக்கு மட்டும் 0.5.

உள்ளே வெளிச்சம் குறைவு. அதனால் போன் தன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேர்க்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் ஆடும். ஆகவே போனுக்கு ஒரு தாங்கல் வேண்டும். ஸ்டூல் மேல் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் மடித்த துண்டை வைத்து, துண்டில் போனைச் சாய்த்து நிறுத்துங்கள். 3 நொடி டைமர் போடுங்கள். விரல் தொடுகிற ஆட்டம்கூட இருக்காது. நைட் மோடு இருக்கிற போன் என்றால் சில நொடி அப்படியே அசையாமல் இருக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

திரையில் இருண்ட இடத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். படம் வெளிச்சமாகும். சின்னதாக ஒரு சூரியன் அடையாளம் வரும், அதை மேலும் கீழும் இழுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். எச்.டி.ஆர் என்று இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். போன் வெளிச்சமாக ஒன்று, இருட்டாக ஒன்று என்று பல படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக உள்ள பகுதியைச் சேர்த்து ஒரே படமாகக் கொடுக்கும். வாசலும் தெரியும், வீடும் தெரியும்.

முழு அறைப் படம் முடிந்ததும் கிட்டப் படம். சுவரில் விரிசல் இருந்தால் கிட்டப் போய் எடுங்கள், பக்கத்தில் தையல் டேப்பை ஒட்டி வைத்து எடுங்கள். டேப் இல்லையா, 10 ரூபாய் காசை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எங்கே பார்த்தாலும் ஒரே அளவு. வெள்ளம் நின்ற கறை சுவரில் இருந்தால், தரையிலிருந்து கறை வரை டேப்பை நிறுத்தி, எண் தெரிகிற மாதிரி எடுங்கள். "இடுப்பளவு தண்ணி" என்றால் யார் இடுப்பு என்று கேட்பார்கள். ஆனால் கிட்டப் படம் மட்டும் தனியாக இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. தூரத்தில் இருந்து ஒன்று, நாலடியில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று மூன்றாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணை.

வீடியோ எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். எடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். மனுவோடு இணைக்கவும் முடியாது.

திருத்துவது எதுவரை?

படத்தைத் திருத்துவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், சென்னை அரசாங்கத்துக்காக 1858-ல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய்ப் படம் எடுத்தார். மதுரைப் புதுமண்டபத்தின் உள்ளே வரிசையாக நிற்கும் தூண்களை எடுத்திருக்கிறார். அன்றைக்கு மின்சார விளக்கு ஏது? வாசல் வழியாக வந்த வெளிச்சம் மட்டும்தான். பெட்டி கேமராவை அசையாமல் வைத்துக் காத்திருந்து எடுத்தது. அவர் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வரும். அதனால் நெகட்டிவின் மேல் சாயம் தொட்டு மேகம் வரைந்தார், மர இலைகளைச் சரி செய்தார். ஆனால் அதே ஆள் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்திருக்கிறார். அது எழுத்தைப் படிப்பதற்காக எடுத்தது. வானத்தில் ஒரு மேகம் கூடினால் யாருக்கும் நட்டமில்லை. கல்வெட்டில் ஒரு எழுத்து கூடினால் வரலாறே மாறிவிடும்.

நமக்கும் அதே கணக்குத்தான். எடிட் என்பதைத் தொட்டால் பல விஷயம் வரும். எல்லாவற்றையும் தொட வேண்டாம். லேசாகச் சாய்ந்திருந்தால் நேராக்கலாம். ஓரத்தில் விரல் விழுந்திருந்தால் க்ராப் செய்து வெட்டலாம். ஷேடோஸ் என்பதைக் கொஞ்சம் கூட்டினால் இருண்ட மூலை தெரியும். ஹைலைட்ஸ் என்பதைக் குறைத்தால் வெளுத்த ஜன்னல் கொஞ்சம் அடங்கும். ஆனால் சுத்தமாக வெளுத்துப் போன இடத்தில் எவ்வளவு குறைத்தாலும் ஒன்றும் வராது. அங்கே போன் எதையும் பிடிக்கவே இல்லை. அதனால் சந்தேகம் இருந்தால் சற்று இருட்டாக எடுப்பது மேல், இருட்டை ஓரளவு மீட்கலாம். ஷேடோஸை ரொம்பக் கூட்டினால் படம் ரவை தூவியது போலப் பொரிப் பொரியாக வரும், அந்த இடத்தோடு நிறுத்துங்கள். மஞ்சள் தூக்கலாக இருந்தால் வார்ம்த் என்பதைக் குறைத்து, வெள்ளைத் தாள் வெள்ளையாகும் வரை கொண்டு வாருங்கள்.

இவையெல்லாம் அங்கே இருந்ததைத் தெரியச் செய்கிற வேலை. இருப்பதை இல்லாமல் ஆக்குவது வேறு. இப்போது சில போன்களில் விரலால் வட்டம் போட்டால் போதும், சுவரில் தொங்கும் ஒயர் மாயமாகிவிடுகிறது, விரிசலும் மாயமாகிவிடுகிறது. கடைக்குக் கொடுக்கிற பெட்டிப் படத்தில் பின்னால் தெரியும் ஒயரை அழிப்பதில் பெரிய குற்றம் இல்லை. சேதத்துக்காக, கடனுக்காக, பதிவுக்காக எடுத்த படத்தில் ஒரு ஆணியைக்கூட அழிக்கக் கூடாது. ஒரு படத்தில் கை வைத்தது தெரிந்தால், மீதி ஒன்பது படத்தையும் அதிகாரி நம்ப மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஃபில்டர், பியூட்டி என்று முகத்துக்குப் பவுடர் போடுகிற சமாச்சாரம் எதுவும் வீட்டுப் படத்துக்கு வேண்டாம்.

வீட்டைப் பெருக்கி ஒழுங்குபடுத்தி எடுக்கலாமா? வாடகைக்கும் வியாபாரத்துக்கும் என்றால் தாராளமாக. சேதத்துக்கு என்றால் எதையும் நகர்த்துவதற்கு முன்னால் எடுங்கள். சேறு அள்ளுவது அப்புறம்.

எதைச் செய்தாலும் முதலில் எடுத்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் திருத்துங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள்

வீட்டின் உள்பக்கம் என்பது ஊருக்கு உரியது இல்லை. அடுத்தவர் வீடு என்றால் வீட்டுப் பெண்ணிடம் கேட்க வேண்டும். அண்ணன் சரி என்று சொன்னார் என்பது போதாது, சமையலறை அண்ணியுடையது. நகை வைக்கும் இடம், சுவரில் மாட்டிய ஆதார் நகல், பாஸ்புக், குளிக்கும் இடம், தூங்கும் குழந்தை இவை படத்தில் விழாமல் பாருங்கள். கோவில் என்றால் நிர்வாகத்திடமும், பள்ளிவாசல் என்றால் ஜமாத்திடமும், மாதா கோவில் என்றால் பங்குத் தந்தையிடமும் கேளுங்கள். கருவறையை எடுக்கக் கூடாது என்றால் கூடாதுதான். ஆதிநாராயணப் பெருமாள் கோவிலில் விரல் உயரத்துக்குச் செதுக்கிய ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட சின்னச் சிற்பங்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பழகினால் கை தேறிவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைத்து எடுக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

பத்திரம்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி, இடம் என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரமும் போய்விடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் இடக்குறி போட்டுவிட்டு எடுத்தால், எந்த ஊரில் எடுத்தது என்பதும் படத்தோடு இருக்கும். 2016-ல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில், கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியோடுதான் படம் எடுத்து ஏற்றினார்கள். அரசாங்கமே அதைத்தான் நம்புகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் அனுப்பும் படத்தில் இடக்குறி வேண்டாம், ஆளில்லாத வீடு எங்கே என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. பொன்னேரியில் இருக்கும் மகளுக்கோ, கடற்கரைக்குத் தள்ளி இருக்கும் உறவுக்கோ ஒரு நகல் அனுப்பி வையுங்கள். முக்கியமான நாலைந்து படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி, வீட்டு எண், எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் இதை முடித்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வீட்டு அறையின் நான்கு மூலைப் படமும் ஒரு கிட்டப் படமும் கொண்டு வாருங்கள். போன் இல்லாத உறுப்பினருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கட்டும். யார் வீட்டுப் படம் எடுத்தாயிற்று, யார் வீடு பாக்கி என்று ஊக்குநர் தீர்மான நோட்டில் குறித்துக்கொள்ளவும். தெர்மாகோல் மூடி மட்டும் மறக்காமல் கழுவி எடுத்து வாருங்கள், கூட்டம் நடக்கிற அறையிலேயே எல்லோரும் பழகிப் பார்க்கலாம்.